கரண்டு இல்லாத தெருவில் கிரைண்டர் ஓடியது

உங்களில் சிலர் என் நோட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மின்வாரிய அலுவலகத்தில் பழைய பீரோவின் கீழ்த்தட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் லைனில் வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு நீள நோட்டு. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தக் கம்பத்தில், யார் ஏறினார், மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். மழை பெய்துகொண்டிருந்தால் அதுவும் இருக்கும். "அண்ணாச்சி நோட்டுல இருந்தா அது நடந்திருக்கும்" என்று அதிகாரிகளே சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்டு உள்ளூர மகிழ்ந்தும் இருக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். அந்த நோட்டுகளில் இருக்கும் ஒரே ஒரு வரியைப் பற்றி எழுதுகிறேன். எழுதியபோது அது நடந்திருக்கவில்லை. அந்த ஒரு வரியை நம்பி, மாடசாமி என்ற நல்ல வயர்மேன் ஒருவர் செத்துப்போயிருப்பார்.

நான் ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. வைகாசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, மாலை 5:20க்கு மலைப் பக்கமிருந்து காற்று இறங்கியது. இருபத்தைந்து நிமிடம்தான் வீசியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் சில கிளைகள் ஒடிந்ததோடு சரி. ராஜபாளையத்துக்கு மேற்கே அடிவாரத்துத் தோப்புகளில் மாங்காய் முழங்கால் அளவுக்குக் கொட்டிக் கிடந்தது என்றார்கள். தேவதானம் வரைக்கும் தென்னைகள் கம்பிகளின் மேல் படுத்திருந்தன. எங்கள் ஊர் வேலையை முடித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை லாரியில் ராஜபாளையம் போனோம். உதவிக்கு வந்த வெளியூர்க் குழு நாங்கள்.

எங்களுக்கு ஒதுக்கிய தெருவின் பெயரை எழுதப் போவதில்லை. அந்தத் தெருவில் கல்யாணம் என்றால் இன்றும் எனக்குப் பத்திரிகை வருகிறது. தோப்புக்குப் போகும் வழியில் இருக்கும் சின்னத் தெரு அது. தமிழும் தெலுங்கும் பாதிப்பாதி கேட்கும். தலைக்கு மேல் இரண்டே கம்பிகள் போகும். தெருவின் இரு முனைகளிலும் ஒவ்வொரு தென்னை விழுந்து, இரண்டு இடங்களில் கம்பி அறுந்திருந்தது. நடுவில் ஒன்பது வீடுகளுக்கு மேலே மட்டும் கம்பி அப்படியே நின்றது. இந்த ஒன்பது வீடுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாரியை விட்டு இறங்கியதுமே ஒருவர் கேட்டார்: "பால்கோவா ஊர்க்காரவுகளா? எங்களுக்கு என்ன கொண்டாந்தீக?"

"கட்டிங் பிளேயர் கொண்டாந்திருக்கோம். திங்கிறீகளா?" என்றார் மாடசாமி.

அந்த ஒரு பதிலில் தெரு எங்களுடையதாகிவிட்டது. மாடசாமிக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னோடு பதினேழு ஆண்டுகள் வேலை செய்தவர். கம்பத்தில் இருந்துகொண்டே கீழே நிற்பவர்களோடு பேசி வேலையை முடிக்கும் ஆள்.

கரண்டு இல்லாத தெருவுக்கு ஒரு தனிக் கலகலப்பு உண்டு. நீங்களும் போகப் போகப் பார்ப்பீர்கள். டி.வி. ஓடாததால் எல்லோரும் வாசலில் இருந்தார்கள். தெருவில் ஒரே ஒரு வீட்டில் கிணறு இருந்தது. பல வருடமாக அந்த வீட்டோடு பேசாதவர்களும் வாளியோடு வரிசையில் நின்றார்கள். ஒரு டிராக்டரின் பேட்டரியில் பதினாறு செல்போன்கள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. எண்ணித்தான் எழுதியிருக்கிறேன். எங்களுக்குச் சாப்பாடு போட வீட்டு வாரியாக முறை வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் மூன்றாம் நாள், அதாவது புதன்கிழமை, கிணற்றில் வாளி இறங்கினால் சேறு வந்தது. அன்று மாலைக்குள் குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடியாக வேண்டும் என்ற நிலை.

புதன் காலை 10:15க்கு நடுப்பகுதிக் கம்பிகளை டெஸ்ட் லாம்ப் வைத்துச் சோதித்தேன்; பல்பு எரியவில்லை. மின்சாரம் இல்லை. எங்கள் பக்கம் அறுந்து தொங்கிய இரண்டு கம்பிகளின் முனைகளையும் கம்பத்தோரமாக, கைக்கெட்டும் உயரத்தில், தனித்தனியாக நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு எங்களிடம் ஒரு செட்தான் இருந்தது. அதை டிரான்ஸ்பார்மர் பக்கம் போட்டிருந்தோம். மதியம் வரை விழுந்த மரத்தை அகற்றும் வேலை. பிறகு சாப்பாடு.

அன்று சாப்பாட்டு முறை சரோஜா அம்மாள் வீட்டுக்கு. "ரண்டி, ரண்டி, கூச்சோண்டி" என்று தெலுங்கில் வரவேற்று, தமிழில் பரிமாறினார். காற்றில் விழுந்த மாங்காயில் பச்சடி. நான் மூன்று முறை வாங்கிக்கொண்டேன். எழுந்திருக்கும்போது அவர் சொன்னார்: "நாலு மணிக்கு டீயோட ஒண்ணு வருது. என்னன்னு யாரும் கேக்கப்படாது."

இடைவேளைக்குப் பிறகு மறுபடியும் சோதித்துவிட்டுத்தான் ஆளை ஏற்ற வேண்டும். இந்த விதி உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்பட்டிருக்கும். எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் தவறு செய்தேன்.

சாப்பிடுவதற்கு முன், 1:10க்கு, கை சுத்தமாக இருக்கும்போதே பிற்பகல் பதிவுகளை எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அன்று இன்னும் இரண்டு தெருக்கள் பாக்கி. போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. எப்படியும் செய்யப்போகிற வேலைதானே, வரிசை மாறப்போவதில்லையே என்று எழுதினேன்: "2:40. மீண்டும் சோதித்தது. மின்சாரம் இல்லை. மாடசாமி ஏறினார்."

நான் கல்வெட்டுகளைப் பற்றி நிறையப் படிப்பவன். போருக்குப் புறப்படும் முன்பே வெற்றியைக் கல்லில் வெட்டிவைத்த அரசனைப் பற்றி எங்கும் படித்ததில்லை. நான் வெட்டிவைத்தேன்.

2:40க்கு மாடசாமி இடுப்புப் பெல்ட்டோடு கம்பத்தடியில் நின்றார். பக்கத்துத் தோட்டத்தில் மரம் அறுக்கும் மிஷின் காதைப் பிளந்துகொண்டிருந்தது. என் ஒரு காதில் போன். அடுத்த தெரு எப்போது என்று அலுவலகத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, டெஸ்ட் பண்ணியாச்சா?" என்று மாடசாமி கத்திக் கேட்டார்.

எனக்கு நிச்சயமாக நினைவில்லை. நினைவில்லாதபோது நான் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். இடதுகையால் நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்து. சரியான நேரம். "ஆச்சுப்பா, ஏறு" என்றேன்.

அதை நான் பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை. அதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம். பொய் சொல்கிறவன் முகம் கொஞ்சமாவது மாறும், மாடசாமி கண்டுபிடித்திருப்பார். என் முகம் மாறவே இல்லை.

அவர் ஏறினார். மேலே போய்ப் பெல்ட்டைப் பூட்டினார். மெல்லிய கட்டுக்கம்பியை உறை போட்ட விரலால் பிரிக்க முடியாதென்று வலதுகை உறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டார். நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள். செய்யாதீர்கள். அந்த நேரம் மரம் அறுக்கும் மிஷினுக்குப் பெட்ரோல் தீர்ந்தது. தெரு சட்டென்று அமைதியானது.

அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. கல் உருளும் கடகட சத்தம், நடுநடுவே மாவு வழுக்கும் 'சளக்' என்ற சத்தம். சரோஜா அம்மாள் வீட்டுக் கிரைண்டர். முதலில் என் நாக்குக்குத்தான் செய்தி போனது. உளுந்து அரைக்கிறார்கள், நாலு மணிக்கு வடை என்று மனம் குளிர்ந்தது. மூன்று நாளாக நல்ல வடை சாப்பிடவில்லை என்றுகூட நினைத்தேன். அடுத்த மூச்சில்தான் கேள்வி வந்தது. மூன்று நாளாகக் கரண்டு இல்லாத தெருவில் கிரைண்டர் எப்படி ஓடும்?

"மாடசாமி! கைய எடு! எதையும் தொடாத!"

அவர் கை கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பெல்ட்டில் சாய்ந்துகொண்டார். பல்லில் இருந்த உறை கீழே விழுந்தது.

"என்ன அண்ணாச்சி, தேளா?"

தொங்கிக்கொண்டிருந்த கம்பிமுனைகளில் டெஸ்ட் லாம்பை வைத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது.

அவ்வளவுதான், தெருவே ஆர்ப்பரித்தது. "வந்துட்டு! கரண்டு வந்துட்டு!" பிள்ளைகள் விசில் அடித்தார்கள். யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். எரிகிற பல்பையே பார்த்தபடி கை தட்டாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கம்பத்தின் மேல், ஒருவர் கீழே.

மாடசாமி எதையும் தொடாமல், ஒவ்வொரு அடியாக இறங்கி வந்தார். சரோஜா அம்மாள் கையெல்லாம் மாவோடு வாசலுக்கு வந்தார்.

"அம்மா, கிரைண்டருக்குக் கரண்டு எங்க இருந்து வருது?" என்று கேட்டேன்.

"இது ஒங்க கரண்டு இல்லங்க. கோபால் அண்ணன் குடுத்தது. ஒங்களுக்குத் தெரியாம வச்சிருந்தோம், கெடுத்துட்டீகளே!"

கோபால் அதே தெருவில் மைக்செட் வைத்திருப்பவர். திருவிழாக்களுக்கு எடுத்துப்போகும் ஜெனரேட்டர் அவரிடம் இருந்தது. அதைச் சத்தம் தெருவுக்குக் கேட்காதபடி மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் தூரத்தில் வைத்து, நீள ஒயரால் தன் வீட்டுச் சுவர் பிளக்கில் சொருகியிருந்தார். மெயின் சுவிட்சை இறக்கவில்லை. இறக்காததால் கரண்டு அவர் வீட்டோடு நிற்காமல் தெருக்கம்பிக்கு ஏறி ஒன்பது வீடுகளுக்கும் போயிருந்தது. அது தெரியாமல் நடந்ததும் இல்லை. யோசித்துத்தான் செய்திருந்தார். பாராட்டை எதிர்பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"அந்தப் பக்கமும் அறுந்து கெடக்கு, இந்தப் பக்கமும் அறுந்து கெடக்கு. நடுவுல நம்ம ஒம்பது வீடு தனியாத்தான நிக்கி? செத்த நேரம் ஓட்டுனா வெளிய எங்கயும் போவாதுல்லா? லைட்டு, ஃபேன் எதுவும் போடக்கூடாது, வடைக்கு அரைக்க மட்டுந்தான்னு ஒம்பது வீட்டுப் பொம்பளைகள்ட்டயும் சொல்லிட்டேன். ஒங்க வேலைய நான் தொடவே இல்ல."

"வெளிய எங்கயும் போவாதுதான். நடுவுல நான் இருந்தேன்" என்றார் மாடசாமி.

கோபால் ஒருமுறை கம்பத்தைப் பார்த்தார். பிறகு மாடசாமியின் உறையில்லாத கையைப் பார்த்தார். அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "ஏலே, உக்காந்தது போதும். மொதல்ல போய் அத நிறுத்துடே!" அவர் எழுந்து ஓடினார்.

நிறுத்திவிட்டு வந்தவரை நான் பிடித்துக்கொண்டேன். உயிரோடு விளையாடுகிறீர்களா, சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா என்று ஆரம்பித்து, தெருவையே நிறுத்திவைத்துப் பேசினேன். நன்றாகவும் பேசினேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சரோஜா அம்மாள் கண்ணைத் துடைக்கப் போய் முகத்தில் மாவை அப்பிக்கொண்டார். அப்போது மாடசாமி மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, நோட்டக் குடுங்க."

கொடுத்தேன். படித்தார். மறுபடியும் படித்தார். காலையிலிருந்து என்னோடு இருந்தவர். நான் எப்போது எழுதினேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான் கருகித் தொங்கியிருந்தாலும், இந்த நோட்டு ஒங்க பக்கந்தான் பேசியிருக்கும், இல்லையா அண்ணாச்சி?"

கோபத்தோடு கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாக, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார். ஆமாம், பேசியிருக்கும். விசாரணை வந்திருந்தால் 2:40 பதிவை எல்லோரும் நம்பியிருப்பார்கள். கோபால் ஒருவரே குற்றவாளியாகியிருப்பார். நானும் கடைசிவரை அந்த வரியை நம்பியே காலத்தைக் கழித்திருப்பேன்.

இளைஞர்களே, இந்த இடத்தில் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. தெரு என் பேச்சைக் கேட்டுத் தலை குனிந்து நின்றது; அப்படியே விட்டிருக்கலாம். எத்தனை நொடி யோசித்தேன் என்பது மட்டும் என் நோட்டில் இல்லை. யோசித்தேன் என்பது உண்மை. பிறகு கோபாலிடம் சொன்னேன்: "நீங்க செஞ்சது தப்பு. ஆனா அதக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு இந்த லாம்பைக் குடுத்திருக்காக. வச்சிருந்தா அப்பவே எரிஞ்சிருக்கும். வைக்காமலே வச்சதா எழுதிட்டேன். இவரு உசுருக்கு நான்தான் பொறுப்பு."

"அப்போ என்னைய மட்டும் ஏன் இம்புட்டு நேரம் வஞ்சீக?" என்று கோபால் கேட்டார். நியாயமான கேள்வி. யாரோ சிரித்துவிட்டார்கள். மாடசாமியும் சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த வரியை அடித்துவிட்டு, அதன் கீழே நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தைக் கிழிக்கவில்லை. கடைசி நோட்டில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அந்த நாளுக்குப் பிறகு ஓய்வுபெறும்வரை, எந்தத் தெருவில் வேலை தொடங்கினாலும் வீடு வீடாகப் போய் இரண்டு கேள்விகள் கேட்டேன். ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் ஏதும் இருக்கிறதா? எங்களுக்காக ஏதாவது சமைக்கிறீர்களா? இரண்டாவது கேள்விக்குச் சிரிப்பார்கள். சிரித்தாலும் கேளுங்கள். நமக்குக் கெடுதல் நினைப்பவர்கள் யாரும் தெருவில் கிடையாது. நல்லது நினைத்து, நம்மிடம் சொல்லாமல் செய்பவர்கள் இருப்பார்கள். மாடசாமியின் கை கம்பியை நெருங்கியது அப்படித்தான்.

ஆனால் அந்தப் புதன்கிழமை இன்னும் முடியவில்லை. மணி 3:25. கிணற்றில் சேறு. யாராவது ஏறித்தான் ஆக வேண்டும்.

"இன்னைக்கு வேண்டாம் மாடசாமி. வேற ஆள வரச் சொல்றேன், இல்ல நாளைக்குப் பாப்போம்" என்றேன். அவர் கம்பத்தை விட்டுத் தள்ளியே நின்றதைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"நாளைக்குன்னா ராத்திரி பூரா அந்தப் பல்பு கண்ணுக்குள்ளயே எரியும். இன்னைக்கே ஏறிடுதேன். ஆனா நான் சொல்லுதபடி செய்யணும்."

அவர் சொன்னபடி செய்தோம். ஒன்பது வீடுகளிலும் மெயின் சுவிட்சை இறக்கினோம். வீட்டில் இருந்த அத்தனை பேரும் தெருவுக்கு வந்து நின்றார்கள். கோபால் ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றி, எல்லோர் கண்ணிலும் படும்படி தெரு நடுவில் நிறுத்தி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். டிரான்ஸ்பார்மர் பக்கம் போட்டிருந்த எர்த் ராடை லாரியில் போய் எடுத்துவந்தார்கள். அது வரும் முன்பே, மாடசாமியைப் பக்கத்தில் நிற்கவைத்து டெஸ்ட் லாம்பை வைத்தேன். எரியவில்லை. லாம்பே கெட்டிருக்கலாமே என்று, வண்டியில் இருந்த ஜெனரேட்டரை ஒரு நிமிடம் ஓட்டி அதில் வைத்துக் காட்டச் சொன்னார். பல்பு எரிந்தது, ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். மறுபடி கம்பியில் வைத்தேன். எரியவில்லை. பிறகு ராடைப் போட்டு, இரண்டு கம்பிகளையும் மண்ணோடு இணைத்தோம்.

"ஏறலாமா?" என்றேன்.

"நீங்க புடிங்க அண்ணாச்சி."

"என்னது?"

"அந்தக் கம்பிகள. வெறுங்கையால. பொறவு நான் ஏறுதேன்."

எல்லாச் சோதனையும் முடிந்துவிட்டது, ராடு போட்டாகிவிட்டது, ஒன்றும் ஆகாது என்று என் அறிவுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன் கம்பிமுனையில் எரிந்த பல்பு என் கண்ணுக்குள்ளும் இருந்தது. இத்தனை ஆண்டுகள் "ஆச்சு, ஏறு" என்று எத்தனை பேரை எத்தனை முறை இந்த இடத்துக்கு அனுப்பியிருப்பேன் என்று அப்போதுதான் தோன்றியது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முனைகளையும் இறுக்கிப் பிடித்தேன். சரோஜா அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றும் ஆகவில்லை. அலுமினியம் வெயிலில் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

"போதுமா?"

மாடசாமி யாரிடமோ ஒரு கிளாஸ் டீ வாங்கிக்கொண்டார். ஊதி ஊதிக் குடித்தார். "இருங்க அண்ணாச்சி, டீ சூடா இருக்கு."

தெருவில் ஒவ்வொருவராகச் சிரிக்கத் தொடங்கினார்கள். ஜெனரேட்டர் மேல் உட்கார்ந்தபடியே, "வடை இருந்தா இன்னும் நேரமாவும், நல்ல வேளை மாவு பாதியில நின்னுட்டு" என்றார் கோபால். நான் கையை எடுக்கவில்லை. மாடசாமி கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார், கீழே கிடந்த உறையைத் தட்டி மாட்டிக்கொண்டார், பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். கம்பத்தில் கால் வைத்தார். பாதியில் நின்று ஒருமுறை குனிந்து என் கைகளைப் பார்த்தார். பிறகு பார்க்கவே இல்லை. உச்சிக்குப் போய்ப் பெல்ட்டைப் பூட்டி, வேலையைத் தொடங்கினார். அவர் விரல்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்தபடி கீழே நின்றேன். கழுத்து வலித்தது. எவ்வளவு நேரமென்று கடிகாரத்தைப் பார்க்கக் கை இல்லை.

மேலேயிருந்து குரல் வந்தது.

"அண்ணாச்சி, இனிமே விடுங்க. எனக்கு அந்தக் கம்பி வேணும்."